ஆள்வோர்க்கு எவ்வளவு ஊதியம்?

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தின் இறுதியில் இளைஞர் ஒருவர் எழுந்து கேட்ட கேள்விக்கு விடைகூற அன்று நேரமில்லாது போயிற்று. "ஐயா, தனியார் நிறுவனத் தலைவர் கோடிக்கணக்கில் வாங்குகிறார். அமைச்சருக்கும் அரசுத்துறைத் தலைவருக்கும் அதில் ஒரு கூறேனும் கொடுக்காவிட்டால் திறமையுடையவர் எவர் வருவார்? வந்தவரும் கைநீட்டாதிருப்பாரா? சிங்கப்பூரைப் பாருங்கள்!" என்றார் அவர். எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று அது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட அந்நாட்டை நாமும் பன்முறை பாராட்டியிருக்கிறோம். ஆகவே, அவர் காட்டிய சிங்கப்பூரையே பார்ப்போம்.

1994ஆம் ஆண்டில் அந்நாட்டரசு ஊதியம் பற்றி ஒரு வெள்ளையறிக்கை வெளியிட்டது. வைப்பகத்தார், கணக்காய்வாளர், பொறிஞர், வழக்கறிஞர், உள்நாட்டுத் தொழிலாலைத் தலைவர், பன்னாட்டு நிறுவனத் தலைவர் என்னும் ஆறு வகையாருள்ளும் மிகுதியாக ஈட்டும் நந்நால்வரின் வருவாயைக் கூட்டிச் சமன்செய்து, அதில் மூன்றில் இரு பங்கை அமைச்சர் ஊதியத்திற்கு அளவாக வைத்தனர். 2007இல் தலைமையமைச்சரின் ஆண்டூதியம் ஏறத்தாழ 31 இலக்கம் வெள்ளியாயிற்று. அமெரிக்கக் குடியரசுத்தலைவர் 2001 முதல் பெற்றுவருவதோ ஆண்டுக்கு 4 இலக்கம் டாலரே!

மக்கள் முணுமுணுத்தனர். 2011 தேர்தலில் ஆளுங்கட்சி பெற்ற வாக்கு 60 விழுக்காட்டளவே. விடுதலைக்குப் பின் அக்கட்சி அத்துணைக் குறைவாகப் பெற்றதில்லை. ஊதியம் ஒன்றே அதற்குக் கரணியம் என்று சொல்லமாட்டேன். வீட்டு விலையும் அயலார் வருகையும் அன்று பேசப்பட்டன. ஆயினும் தேர்தல் முடிந்த சூட்டோடு ஊதிய ஆய்வுக்குழு அமைக்கப்பட்டது. 2012இல் தலைமையமைச்சர் ஊதியம் 22 இலக்கம் வெள்ளியாகக் குறைக்கப்பட்டது.

இனி, நம் இளைஞர் கருதுவது போல, இவ்வூதியந்தான் அந்நாட்டைத் தூய்மையாக்கிற்றா? ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஊழல் ஒழிப்புக்கென அங்குத் தனித்துறை ஏற்பட்டது 1952இல். கடுமையான ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது 1960இல். 1970இல் அமைச்சர் ஊதியத்தைத் திங்களுக்கு 2,500 வெள்ளியிலிருந்து 4,500 ஆக உயர்த்திய தலைமையமைச்சர் இலீ குவான் இயூ, தம் ஊதியத்தை 3,500 வெள்ளியாகவே வைத்துக்கொண்டார். தமக்குக் கீழுள்ளார் தம்மினும் மிகுதியாகப் பெற, தாம் குறைவாகப் பெற்றார்! 1986இல் நாட்டு வளர்ச்சியமைச்சர் தே சியாங் வான் மீது கையூட்டுக் குற்றம் உசாவப்பட்டபோது, உசாவல் முடியும்வரை அவரைச் சந்திக்கவும் இலீ மறுத்துவிட்டார். வழக்கு மன்றம் ஏறுமுன்னரே அமைச்சர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இவையெல்லாம் நிகழ்ந்து முடிந்தபின் வந்ததே 1994இன் அறிக்கை. தூய்மை முன்னே வந்தது. பெருஞ்சம்பளம் பின்னே வந்தது. பின்வந்ததை முன்வந்ததற்குக் கரணியமாகக் காட்டுவது எந்த அளவைநூலில் உள்ளது?

பெருஞ்சம்பளம் கைநீட்டுதலை முற்றாகத் தடுத்ததுமில்லை. போக்குவரத்தமைச்சராயிருந்த ஈசுவரன், தம் அலுவலோடு தொடர்புடையாரிடம் 4 இலக்கம் வெள்ளிக்கு மேற்பட்ட விலைமிகு பொருள்களைப் பெற்றமை முதலிய குற்றங்களை ஒப்புக்கொண்டு, 2024 அக்குத்தோபரில் பன்னிரண்டு திங்கள் சிறை பெற்றார். வறுமையாலா பெற்றார்? அவரைப் பிடித்தது அந்த 1952ஆம் ஆண்டுத் துறையே.

இவ்வளவு சொன்னதால், ஆள்வோர் பட்டினி கிடக்கவேண்டும் என்கிறேன் என்று எண்ணிவிடாதீர். அதுவும் தவறே. பிரித்தானியத் தொழிலாளர் 1838இலேயே பாராளுமன்ற உறுப்பினர்க்கு ஊதியம் வேண்டுமென்று பட்டயம் எழுதிப் போராடினர். ஏன்? ஊதியமில்லா இருக்கையில் நிலக்கிழாரும் முதலாளியுமே அமரமுடியும். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைப்பவன் அமரமுடியாது. 1911இல்தான் ஆண்டுக்கு 400 பவுன் என்று அது கிடைத்தது. எளியவன் குடும்பத்தைக் காத்துக்கொண்டே நாட்டுப்பணி செய்ய உதவும் ஊதியம் குடியாட்சியின் உரிமை. இந்தியப் பேராயக் கட்சி 1931இல் கராச்சியில் கூடி, அரசுப் பணியாளர் ஊதியம் பொதுவாகத் திங்களுக்கு 500 உருபாவைத் தாண்டலாகாது என்று முடிவுசெய்தது. 1937இல் சென்னை மாநில அமைச்சர்களும் அவ்வளவே பெற்றனர். அந்த 500 உருபா அன்றைய உழவனுக்குப் பெருஞ்செல்வம். வெள்ளை அலுவலனுக்கோ சிறுதொகை. எவனோடு ஒப்பிட்டு அளந்தார்கள் என்பது இதிலேயே விளங்கும்.

நான் சொல்ல வந்ததும் அந்த ஒப்பீட்டைப் பற்றியே. போட்டியூதியம் என்பார், அமைச்சரைச் செல்வரோடு நிறுத்தி அளக்கின்றனர். அவ்வளவையால் விளைவது என்ன? நாட்டின் பெருஞ்செல்வர் வருவாய் ஏறினால், ஆலைத் தொழிலாளி கூலி ஏறாவிடினும், அமைச்சர் ஊதியம் தானே ஏறும். செல்வர் மீது வரி விதிக்கவேண்டியவரின் நலம் செல்வர் நலத்தோடு கட்டப்பட்டுவிடுகிறது. 2012இல் அளவையை மாற்றியபோதும், மிகுவருவாய் ஈட்டும் 1,000 குடிமக்களின் நடுவருவாயில் 40 விழுக்காடு கழித்து அமைச்சர்க்கு என்றனரேயன்றி, கயிற்றை அறுத்தாரில்லர்.

அக்கயிற்றைக் கீழே கட்டுவோம். இந்திய நடுவணரசில் 2016 முதல் கடைநிலைப் பணியாளரின் தொடக்க அடிப்படையூதியம் 18,000 உருபா. எல்லார்க்கும் மேலான அமைச்சரவைச் செயலாளர்க்கு 2,50,000. ஏறத்தாழ 14 மடங்கு. இம்மடங்கு மிகையா, குறைவா என்று பேசுவோம், பத்தாகட்டும், பதினைந்தாகட்டும். மேலிருப்பவர்க்கு உயர்வு வேண்டுமானால் கீழிருப்பவர்க்கு முதலில் உயர்த்தட்டும்.

"திறமையுடையவர் வரமாட்டாரே" என்கிறாய், தம்பி. சில துறைகளில் அது மெய்தான். அரசு மருத்துவமனையை விட்டுத் தனியாரிடம் போன மருத்துவர் உளர். ஆனால் 2023 ஆகத்து 23ஆம் நாள் நிலவின் தென்முனைப் பகுதியில் ஒரு கலம் மெல்ல இறங்கிற்றே, சந்திரயான்-3. பெயர் வடமொழி, என் செய்வது! அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், நம் விழுப்புரத்தார். அவர் பெற்றது அரசு ஊதியமே. அவரோடு உழைத்தவர்களும் அவ்வாறே.