பாலிஷ் கடைசி வேலை

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. "நீ செய்யற வேலையைப் பத்தி நாலு வார்த்தை சொல்லு, போதும்"னு தலைவி அக்கா சொன்னதால் வந்து நிற்கிறேன். பழைய மர மேஜை, நாற்காலி, ஸ்டூல், மணைப்பலகை இதையெல்லாம் குறைந்த விலைக்கு வாங்கி, வீட்டுத் திண்ணையில் வைத்துத் தேய்த்து, சரிபண்ணி, பாலிஷ் போட்டு விற்கிறேன். நம்ம காரைக்குடிப் பக்கம் இதற்குச் சரக்குப் பஞ்சமே கிடையாது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைப் பார்க்க வெளியூர்க்காரங்க தேடி வர்றாங்க. பர்மாத் தேக்குக் கதவும் தூணும் நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் வீடு மாற்றுகிறவங்க, புதுசு வாங்குகிறவங்க "எடுத்துக்கிட்டுப் போனால் போதும்"னு தள்ளிவிடுற சாமான் எல்லா ஊரிலும் இருக்கு.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதிலிருந்துதான் இந்தத் தொழில் எனக்குப் புரிந்தது.

குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் வாங்கித்தான் தொடங்கினேன். முதல் மாதம் ஒரு படிக்கிற மேஜை கிடைத்தது. மேல்பலகை தேக்கு, கால் நாலும் மாமரம். ஒரு காலில் குண்டூசி முனை அளவுக்கு ஏழெட்டுத் துளை இருந்தது. பார்த்தேன். பார்த்தும், மக்கு வைத்து அடைத்து, மேலே கலர் கொடுத்துப் பாலிஷ் போட்டேன். கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு டீச்சர் தன் மகள் படிக்கிறதுக்காக 2,200 ரூபாய்க்கு வாங்கிக்கிட்டுப் போனாங்க.

மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டாங்க. போய்ப் பார்த்தால், மேஜைக் காலடியில் கோதுமை மாவு கொட்டின மாதிரி தூள். நான் அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதுத் துளைகள். அந்தப் பிள்ளை, "ஆன்ட்டி, தினமும் பெருக்குறேன், தினமும் கொட்டுது" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்கிறதுன்னு தெரியவில்லை.

மேஜையை எடுத்துக்கிட்டு வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மாதத் தவணை கட்ட முடியவில்லை. குழுக் கூட்டத்தில் எழுந்து காரணம் சொன்னபோது, எங்கள் பிரதிநிதி அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "துளை இருந்தது உனக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?" தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எனக்கு ஒரு மாதம் தவணை தள்ளிக் கொடுத்தாங்க. பதிவேட்டிலும் காரணத்தை அப்படியே எழுதினாங்க. இன்னும் அந்தப் பக்கம் இருக்கு.

எங்க தெருவில் ஒரு வயசான ஆசாரி ஐயா இருந்தார். அவரிடம் போய் மேஜையைக் காட்டினேன். "ஆத்தா, பாலிஷ் கடைசி வேலை. நீ அதை முதல் வேலையா நினைச்சுட்டே" என்றார். மரத்தின் நடுப்பகுதி வைரம், ஓரப்பகுதி வெள்ளை. வண்டு விரும்பித் தின்கிறது அந்த வெள்ளையைத்தான். தேக்கு வைரத்தில் அது சுலபமாக ஏறாது. மாமரம் என்றால் அதற்கு விருந்து. பாலிஷ் பூசின பரப்பில் புதுசாக வண்டு முட்டை வைக்காது, உண்மைதான். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கிற புழு மாதக்கணக்காகத் தின்றுகொண்டே இருந்து, வண்டாகித் துளைத்துக்கிட்டு வெளியே வரும். நான் அடைத்தது அது வெளியே போன வழியை. உள்ளே இருந்த மீதியை அப்படியே விற்றிருக்கிறேன்.

அன்றையிலிருந்து எந்தச் சாமான் வாங்கினாலும் முதலில் கவிழ்த்துப் போட்டுத்தான் பார்ப்பேன். அடிப்பக்கத்தில் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை, அதனால் அது பொய் சொல்லாது. துளை இருந்தால் அதன் மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டி, கீழே கறுப்புத் துணி விரித்துச் சில வாரம் தனியாக வைக்கிறேன். காகிதத்தில் ஓட்டை விழுந்தாலோ, துணியில் தூள் விழுந்தாலோ உள்ளே உயிர் இருக்கு. அப்போது பழைய பூச்சு முழுவதையும் எடுத்துவிட்டு, மரத்துக்கென்று விற்கிற பூச்சி மருந்தை டப்பாவில் எழுதியிருக்கிற அளவுப்படி பூச வேண்டும். பூச்சு இருந்தால் மருந்தை மரம் குடிக்காது. ரொம்ப உளுத்த காலை மாற்றிவிடுவது நல்லது.

இன்னொன்று, பலகையின் ஓரத்தைப் பாருங்க. மேலே இருக்கிற ரேகை ஓரத்திலும் தொடர்ந்து வந்தால் முழு மரம். தொடராமல் அடுக்கடுக்காகத் தெரிந்தால் ப்ளைவுட்டில் மெல்லிய தேக்கு ஏடு ஒட்டினது. அதை அழுத்தித் தேய்த்தால் ஏடு போய் அடி தெரிந்துவிடும்.

இப்போது நம்ம பிள்ளைகளைப் பற்றின விஷயம். பழைய தொட்டில், பழைய ஸ்டூல் எதிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமல் பெயின்ட் அடித்திருப்பாங்க. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். நம்ம நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பெயின்டை நம்பக் கூடாது. ஈயத் தூள் உடம்பில் சேர்ந்தால் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதனால் பழைய பெயின்டை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்காதீங்க, தீ காட்டி எரிக்காதீங்க. தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தால் தூள் பறக்காது. மூக்கு மூடி கட்டணும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, கைகால் கழுவி, புடவை மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கணும். சமையலறைப் பக்கம் இந்த வேலையே வேண்டாம்.

அடுத்தது ஆடுகிற மூட்டு. ஆணி அடித்து இறுக்கினால் மரம் பிளக்கும். மூட்டைக் கழற்றி, காய்ந்த பழைய பசையைச் சுரண்டிவிட்டு, புதுப் பசை தடவிச் சேர்த்து, கயிறு கட்டிக் குச்சியால் முறுக்கி ஒரு ராத்திரி விடுங்க. சின்ன இடுக்குக்கு அதே மரத்தூளைப் பசையில் குழைத்து வைக்கலாம்.

அப்புறம்தான் உப்புத்தாள். 80-ல் தொடங்கி, 120, 180, கடைசியாக 220. நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் கீறல் மிச்சம் இருக்கும், பாலிஷ் போட்டதும் பல்லிளிக்கும். ரேகை போகிற திசையிலேயே தேய்க்கணும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கோடு போகவே போகாது.

ஸ்பிரிட் பாலிஷ் நாமே கலந்துகொள்ளலாம். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்குச் சுமார் 150 கிராம் அரக்கு, ராத்திரி முழுக்க ஊறணும். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் சுருட்டி, தொட்டுத் தொட்டு மெல்லிசாக ஏழெட்டு கோட் இழுக்கணும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மழை நாளில் போட்டால் பூச்சு வெளுத்துப் போகும். சாப்பாட்டு மேஜைக்கு இந்தப் பாலிஷ் வேண்டாம், சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். அதற்கு வார்னிஷ்தான் சரி.

அலங்காரம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மணைப்பலகையில் புள்ளிக் கோலத்தை வெள்ளை எனாமலில் போட்டுக் கொடுக்கிறேன், கல்யாண சீசனில் நிற்காமல் போகிறது. பிரம்பு கிழிந்த நாற்காலிக்கு, வயர்க் கூடை பின்னத் தெரிந்த நம்ம குழுத் தங்கச்சி இருக்கை பின்னித் தருகிறாள். அவளுக்கு உண்டான கூலி தனி.

கூலி என்றதும் கணக்கு ஞாபகம் வருது. அந்த மேஜையை 800-க்கு வாங்கினேன். வண்டிக்கு 150, சாமானுக்கு 450. மொத்தம் 1,400. விற்றது 2,200. "800 லாபம்"னு சந்தோஷப்பட்டேன். நம்ம பொருளாளர், "எத்தனை நாள் வேலை செஞ்சே?" என்று கேட்டாங்க. ஐந்து நாள். அப்படியென்றால் நாளுக்கு 160 ரூபாய். நூறு நாள் வேலைக் கூலி கூட வரவில்லை! இப்போது ஒவ்வொரு சாமானுக்கும் நோட்டில் ஒரு பக்கம். வாங்கின விலை, வண்டி, சாமான், எத்தனை மணி நேரம், கடைசியில் என் கூலி. கூலி நிற்காது என்று தெரிந்தால் ஓசியில் கொடுத்தாலும் எடுப்பதில்லை. விற்கும்போது எங்கே அடைத்திருக்கு, எந்தக் கால் மாற்றினது என்று காட்டித்தான் விற்கிறேன். சில பேர் அதைக் கேட்டு வேண்டாம் என்று போயிருக்காங்க. போகட்டும். மறு வருஷம் அந்த டீச்சரே வந்து ஒரு புத்தக அலமாரி வாங்கினாங்க.

திரும்பி வந்த மேஜை என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. நாலு காலையும் எடுத்துவிட்டுத் தேக்குக் கால் போட ஆசாரி ஐயா சொல்லிக் கொடுத்தார். நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் பதிவேடுகள் அடுக்கியிருக்கிற மேஜை அதுதான். அடுத்த முறை வரும்போது குனிந்து அடியில் பாருங்க. கத்துக்கணும்னு நினைக்கிறவங்க சனிக்கிழமை மத்தியானம் என் திண்ணைக்கு வாங்க. உடைந்த ஸ்டூல் ஒன்று கொண்டுவந்தால் போதும், உப்புத்தாள் நான் தர்றேன்.