பாலை நகரில் உடன்போக்கு



உடன்போக்கு என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே தமிழ் கற்றார் உள்ளத்தில் பாலை விரியும். காதலித்த இருவர் பெற்றோர் இசைவு கிட்டாமையால் ஊர் நீங்கிச் செல்லும் செயலைத் தொல்காப்பியம் கொண்டுதலைக்கழிதல் என்று குறித்தது. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியைப் பாடிய ஓதலாந்தையார், வழியிடையே நிகழும் உரையாடலுக்கு ஒரு பத்து, மகளைப் போக்கிய தாயின் இரக்கத்திற்கு ஒரு பத்து எனப் பகுத்துப் பாடினார். சுரமும் வெயிலும் நீரற்ற நெடுவழியும் இல்லாமல் உடன்போக்கு இல்லை என்பது தமிழ் மரபு.

இந்த மரபை ஒரு சிறிதும் அறியாத வேற்று நாட்டார், கடல் கடந்த ஒரு பாலையின் நடுவே, உடன்போக்கையே ஒரு பெருந்தொழிலாக்கி வைத்திருக்கின்றனர். அமெரிக்க ஒன்றிய நாடுகளுள் ஒன்றாகிய நெவாடாவில், மொகாவிப் பாலையில் அமைந்த இலாசு வேகாசு நகரைப் பற்றியதே இவ்வுரை.

அந்நகர்ப் பெயருக்கு இசுபானிய மொழியில் 'புல்வெளிகள்' என்பது பொருள். பாலைக்கு நடுவே ஊற்றுநீர் பொங்கிப் பசும்புல் படர்ந்திருந்த இடமாதலின் வழிச்செல்வோர் அவ்வாறு பெயரிட்டனர். 1905 மே திங்களில் இருப்புவழிக் குழுமத்தார் அங்கு மனைகளை ஏலமிட்டனர், ஊர் பிறந்தது. ஊர் வளர வளர நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டு, 1962-இல் அவ்வூற்று மேலெழுவதே நின்றுபோயிற்று. முல்லையும் குறிஞ்சியும் வளங்கெட்டுப் பாலையாகும் என்ற இளங்கோவடிகள் கருத்துக்கு இதனினும் நேரான சான்று வேண்டுமோ? ஊற்று வற்றிய பின்னும் ஊர்ப்பெயர் மட்டும் பசுமையாய் நிற்கின்றது.

இத்தகைய வறண்ட ஊரை நாடி மணமக்கள் ஏன் ஓடினர்? அழகு கண்டு ஓடவில்லை. சட்டம் கண்டு ஓடினர். 1927-இல் அண்டை மாநிலமாகிய கலிபோர்னியா, மணம் செய்ய விரும்புவோர் மூன்று நாள் முன்னரே அறிவிப்புக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. குடிவெறியில் இரவோடிரவாக மணந்து விடிந்தபின் வருந்துவோரைத் தடுப்பதே அச்சட்டத்தின் நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. ஆயின் காத்திருக்க மனமில்லாதவர்களும் காத்திருக்க இயலாதவர்களும் எல்லை கடந்தனர். நெவாடாவில் காத்திருப்பு இல்லை; குருதி ஆய்வு இல்லை; அம்மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டும் என்ற கட்டும் இல்லை. இலாசு ஏஞ்செல்சிலிருந்து ஏறத்தாழ 270 கல் தொலைவு. ஒரு பகலிற் சென்று மணந்து திரும்பிவிடலாம்.

1931 மார்ச்சு 19-இல் அம்மாநில ஆளுநர் சூதாட்டத்தைச் சட்டப்படியாக்கும் ஆவணத்தில் ஒப்பமிட்டார். அதே நாளில், ஆறு கிழமை தங்கியிருந்தாற் போதும், மணவிலக்குப் பெறலாம் என்னும் சட்டத்திலும் ஒப்பமிட்டார். ஒரே எழுதுகோல் சூதுக்கும் மணமுறிவுக்கும் ஒருசேர வழி திறந்தது! பொருளியல் நெருக்கடியில் வாடிய ஒரு பாலை மாநிலம் பிறர் தடுத்தவற்றையெல்லாம் தான் விற்றுப் பிழைக்கக் கற்றுக்கொண்டது. அதனை இகழ்வது எளிது. இகழுமுன், அங்கு வாங்க வந்தவர் யாவர் என்று பார்த்தல் வேண்டும்.

1965 ஆகத்து 26-ஆம் நாள் இரவை எண்ணிப் பாருங்கள். வியத்துநாம் போருக்கு ஆளெடுப்பு மிகுந்த காலம் அது. மணமானவர்க்கு அளிக்கப்பட்டிருந்த விலக்கு, அந்நள்ளிரவுக்குப் பின் மணப்பவர்க்கு இல்லை என்று குடியரசுத் தலைவர் சான்சன் ஆணையிட்டார். செய்தி பரவியது. நள்ளிரவுக்கு முந்திய மூன்று மணி நேரத்தில் இலாசு வேகாசில் மட்டும் 171 இணையர் மணந்தனர். சேம்சு பிரென்னன் என்னும் நடுவர் ஒருவரே 67 மணங்களை நடத்தி முடித்தார். ஒரு மணத்திற்கு மூன்று மணித்துளி கூட இல்லை! எழுத்தாளர் சோன் தீதியன் பின்னர் இந்நகரின் மணங்களைப் பற்றி எள்ளலோடு எழுதிய கட்டுரை, இவ்விரவைக் கொண்டே புகழ் பெற்றது. எள்ளல் பொருந்துவதுதான். எனினும் அவ்விரவு வரிசையில் நின்ற இளைஞருட் சிலர்க்கேனும் அந்த மூன்று மணித்துளி உயிரின் விலையாக இருந்திருக்கும்.

எதையும் வினவாத மாநிலம் என்று நெவாடாவைப் புகழ்வாரும் உளர். அது முற்றிலும் பொய். நெடுங்காலம் அது ஒன்றை மட்டும் வினவியது: தோலின் நிறம். வெள்ளையர் பிற இனத்தாரை மணத்தலை அம்மாநிலச் சட்டம் தடுத்து வைத்திருந்தது. 1958 திசம்பரில், துறைமுகத் தொழிலாளர் தலைவராகிய ஆரி பிரிட்சசும், சப்பானிய வழியினராகிய நோரிக்கோ சவாதாவும், நெவாடாவின் மற்றொரு பாலை நகராகிய இரீனோவுக்குச் சென்று மணவுரிமச் சீட்டுக் கேட்டனர். எழுத்தர் மறுத்தார். அவர்கள் ஓடி ஒளியவில்லை, முறைமன்றம் ஏறினர். நடுவர் சீட்டு வழங்குமாறு ஆணையிட்டார். அடுத்த ஆண்டே, 1959-இல், அச்சட்டத்தை மாநில மன்றம் நீக்கியது. சூதுக்கு வழி திறந்த 28 ஆண்டுகளுக்குப் பின்னரே நிறங்கடந்த காதலுக்கு அங்கு வழி திறந்தது!

அதே 1958-இல் வர்சீனியா மாநிலத்தில் நடந்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரிச்சர்டு இலவிங்கு என்னும் வெள்ளையரும், மில்திரெடு என்னும் கருப்பின மங்கையும், தம் மாநிலச் சட்டம் இடந்தராமையால் தலைநகர் வாசிங்டனுக்குச் சென்று மணந்து ஊர் திரும்பினர். காவலர் நள்ளிரவில் அவர்தம் படுக்கையறைக்குள் புகுந்து கைது செய்தனர். மணச்சான்று சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அஃது இங்குச் செல்லாது என்றனர். 25 ஆண்டு மாநிலத்திற்குள் இணைந்து வாராதிருப்பின் சிறையில்லை என்றது மன்றம். 1967 சூன் 12-இல்தான் ஒன்றிய நாட்டு உச்ச முறைமன்றம் அத்தகைய தடைச் சட்டங்களையெல்லாம் ஒருமனதாக வீழ்த்தியது. போவது பெரிதன்று, பெருமக்களே! திரும்பி வருவதே பெரிது. உடன்போக்குத் திட்டமிடுவார் பலரும் எண்ண மறப்பது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

இற்றை நிலையில் அங்கு மணம் புரிய வேண்டுவது மிகச் சிறிது. இணையர் இருவரும் கிளார்க்கு மாவட்ட மணவுரிம அலுவலகத்திற்கு நேரில் செல்ல வேண்டும். ஞாயிறு, விழாநாள் என்ற வேறுபாடின்றிக் காலை 8 மணி முதல் நள்ளிரவு வரை அது திறந்திருக்கும். விவரங்களை முன்னதாகவே இணையவழி நிரப்பிவிடலாம். கடவுச்சீட்டோ ஓட்டுநர் உரிமமோ போன்ற அடையாளச் சான்று வேண்டும். கட்டணம் 102 தாலர். அவ்வுரிமம் ஓராண்டு செல்லும். நெவாடா எல்லைக்குள் மட்டுமே செல்லும். மணம் நடத்த உரிமை பெற்ற ஒருவரும், அவர் நீங்கலாக ஒரு சான்றாளரும் உடனிருத்தல் போதும். தாய், தந்தை, குடி, கோத்திரம், சமயம் பற்றி எந்தத் தடையும் எழுவதில்லை. 2014 முதல் ஒருபாலினரும் அங்கு மணக்கின்றனர். 18 அகவை நிரம்பாதார்க்கு மட்டும் கதவு ஏறத்தாழ மூடியே உள்ளது: 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, 17 அகவையர் பெற்றோர் இசைவோடு முறைமன்ற ஒப்புதலும் பெற்றாலன்றி மணக்க இயலாது, அதற்கும் இளையோர்க்கு மணமே இல்லை. விரைவை விற்கும் ஊரும் இந்த ஓரிடத்தில் நின்று வினவக் கற்றது நன்று.

மணக்கோயில்களோ கணக்கில. செம்மரத்தால் 1942-இல் எழுப்பப்பட்ட 'மேற்கின் சிறுகோயில்' இன்றும் நிற்கின்றது. நின்ற இடத்தில் நிற்கவில்லை, விடுதிகள் பெருகப் பெருகப் பலமுறை பெயர்த்து வைக்கப்பட்டது. இன்னொரு மணக்கோயிலில் மகிழுந்தை விட்டு இறங்காமலே பலகணி வழியாக மணந்து செல்லும் முறை 1991 முதல் உண்டு. உணவுப் பொட்டலம் வாங்குவது போல! 1967-இல் அந்நகர் விடுதியொன்றில் மணந்த பாடகர் எல்விசு பிரெசுலியைப் போல வேடமிட்டவர் நின்று மணம் நடத்துதலும் உண்டு. 2004-இல் பாடகி பிரிட்னி இசுபியர்சு அங்குச் செய்த மணம் 55 மணி நேரத்தில் செல்லாததாக்கப்பட்டது. இவற்றையே திரும்பத் திரும்பக் காட்டி நகைப்பது செய்தித்தாள்களின் வழக்கம். அம்மாவட்டம் 2022-இல் தன் ஐம்பது இலக்கமாவது மணவுரிமச் சீட்டை வழங்கியது. அத்தனை இணையரும் விளையாட்டுக்கு வந்தவராக இருக்க முடியாது.

இனி, தமிழ் உடன்போக்கை இதனருகே வைத்துப் பாருங்கள். அகப்பாட்டில் இருவர் மட்டுமா போகின்றனர்? தோழி இருக்கின்றாள். போகும் நேரத்தைக் குறிப்பவள் அவள். ஊர் துயின்றதா என்று ஓர்பவள் அவள். கைவிடாதே என்று தலைவனிடம் தலைவியை ஒப்படைப்பவளும் அவளே. வழியில் கண்டோர் இருக்கின்றனர். காட்டிக் கொடுப்போர் அல்லர் அவர். ஊர் அண்மையில் உண்டு, தங்கிச் செல்க என்று அன்போடு விடுப்போர். தேடிவரும் செவிலிக்கு, அவர்கள் செய்தது அறமே என்று எடுத்துரைத்து அவளை ஆற்றுவிப்போர். இறுதியாக மீட்சி இருக்கின்றது. உடன்போயினார் ஊர் திரும்புதலைப் பாடவே ஐங்குறுநூற்றில் 'மறுதரவுப் பத்து' என ஒரு பத்து உண்டு! இலாசு வேகாசில் சான்றாளர் இல்லாதார்க்கு மணக்கோயில் ஊழியரே சான்றாளராவார். சட்டத்திற்கு அது போதும். ஆனால் அவர் தோழியாகார். மறுநாள் தொலைவிலிருந்து தாய் அழைத்து அழுங்கால் ஆற்றுவிக்கும் கண்டோரும் ஆகார்.

அப்படியானால் காத்திருக்க வைக்கும் சட்டமே நல்லது என்று கொள்ளலாமோ? கூடாது. இந்திய ஒன்றியத்தின் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தைப் பாருங்கள். சமயங்கடந்து மணப்பார் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அவ்வறிவிப்பு அலுவலகத்தில் எல்லாரும் காண ஒட்டப்படும். முப்பது நாள் என்பது எண்ணிப் பார்ப்பதற்கான காலமா? சாதிச் செருக்குக் கொண்ட உறவினர்க்கு அது வேட்டைக்கான காலம். பெயரையும் முகவரியையும் அரசே எழுதி ஒட்டுகின்றதே! தமிழகத்திலோ புரோகிதரின்றி மாலை மாற்றி மணக்கும் தன்மதிப்புத் திருமணத்திற்கு, 1967-இல் இயற்றி 1968-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஏற்பளித்தது. அத்தகைய மணம் வழக்குரைஞர் அலுவலகங்களில் மறைவாக நடப்பின் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர்நெறி மன்றம் கூறியது. 2023 ஆகத்தில் ஒன்றிய உச்சமன்றம் அதனை மறுத்தது: பெற்றோர் எதிர்ப்புக்கோ உயிருக்கோ அஞ்சுவோர் ஊரறிய மணத்தல் இயலாது, அவர்களை அதற்கு வற்புறுத்தல் தீங்கில் முடியலாம் என்பது அத்தீர்ப்பின் கருத்து. நண்பராக நிற்கும் வழக்குரைஞரும் அங்குச் சான்றாகலாம். அவரைத் தோழியின் வரிசையில் வைத்தால் பிழையில்லை.

ஆகவே பாலை நகருக்குச் செல்லும் இணையர் முதலில் முடிவு செய்ய வேண்டுவது, எந்த மணக்கோயில், எந்த ஆடை என்பதன்று. செய்தி அறிய வேண்டியவர் யார், அவருக்கு அதனை எவர் சொல்வார், எப்போது சொல்வார் என்பதே. உறவினர் ஒருவரேனும் தோழமை பூண்டு உடன்வரின் நன்று. வாராவிடினும் ஊரிலிருந்து தாயின் பக்கத்தில் நிற்க ஒருவர் வேண்டும்.

அதன்பின் வெயிலை எண்ண வேண்டும். 2024 சூலை 7-இல் அந்நகரின் வெப்பம் 120 பாகை பாரன்கீட்டை, அதாவது ஏறத்தாழ 49 செல்சியசைத் தொட்டது. செம்பாறைக் கணவாயிலோ தீப்பள்ளத்தாக்கிலோ மணக்க விரும்புவோர் வேனிலைத் தவிர்த்து இளவேனிலையோ கூதிரையோ தேர்வதும், வைகறையில் புறப்படுவதும், மிகுதியாக நீர் கொண்டு செல்வதும் அறிவுடைமை. அவை அரசின் காப்பு நிலங்கள். மணம் நடத்த முன்னிசைவு பெற்றே ஆக வேண்டும். பிப்ரவரி 14 போன்ற நாள்களில் கூட்டம் மிகும். 7 என்னும் எண் மும்முறை வந்த 2007 சூலை 7-இல் 4,000-க்கு மேற்பட்ட இணையர் மணந்தனர். அமைதி நாடுவோர் அத்தகைய நாளை விலக்குக.

கடைசியாகத் தாள். மணக்கோயிலில் பூவேலையோடு கையில் தரும் அழகிய ஏடு சட்டச் சான்றன்று, நினைவுப் பொருளே. மணம் நடத்தியவர் பத்து நாள்களுக்குள் மாவட்ட எழுத்தரிடம் பதிவுக்கு அனுப்ப வேண்டும். பதிவானபின் கட்டணம் செலுத்திச் சான்றளிக்கப்பட்ட படியைக் கேட்டுப் பெற வேண்டும். வேற்று நாட்டிலிருந்து சென்றவராயின், நெவாடா மாநிலச் செயலரிடம் அதற்கு மேலும் ஒரு மெய்யுறுதி முத்திரை பெறுதல் நலம். இரண்டு மூன்று படிகளாகவே வாங்கிக்கொள்வது நல்லது. ஒன்று கடவுச்சீட்டு அலுவலகத்திற்குப் போகும்; ஒன்று பேழையில் இருக்கும்; ஒன்று, கதவு திறக்கும் நாளில், தாயின் கையில் கொடுப்பதற்கு.