டெய்லர் ஏன் வரவில்லை?



திருப்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், சேலம் – கொச்சி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் பெருமாநல்லூர். பங்குனித் திங்களில் அங்கே கொண்டத்துக் காளியம்மனுக்குக் குண்டம் திருவிழா நடைபெறும். அந்நாட்களில் சுற்று வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில் ஒரு குரல் தவறாமல் எழும்: "ஆள் வரவில்லை!" சரக்குக் கப்பலேற வேண்டிய நாள் நெருங்கியிருக்கும். வெட்டிய துணி கட்டுக் கட்டாகக் கிடக்கும். அதைத் தைக்க வேண்டிய டெய்லரோ குடும்பத்தோடு கோயிலில் நிற்பார்.

அத்தகைய கம்பெனி ஒன்றின் மேலாளர் ஒருமுறை என்னிடம் மனம் நொந்து பேசினார். "மாதம் தவறாமல் சம்பளம் தருகிறோம். வைப்புநிதி உண்டு, மருத்துவக் காப்பீடு உண்டு, வீட்டருகே வந்து அழைத்துச் செல்ல வண்டியும் உண்டு. அப்படியிருந்தும் நல்ல டெய்லர்கள் விலகிப் பக்கத்துச் சந்திலுள்ள பவர் டேபிளுக்குப் போய்விடுகிறார்கள். இவர்களுக்குப் பொறுப்பு என்பதே இல்லை" என்றார்.

பவர் டேபிள் என்பது தையல் இயந்திரங்கள் வரிசையாகப் பொருந்திய நீண்ட மேசை. அத்தகைய மேசை ஒன்றோ இரண்டோ வைத்துக்கொண்டு, பெரிய கம்பெனிகளின் துணியைத் தைத்துக் கொடுக்கும் சிறு கூடங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அங்கே கூலி பெரும்பாலும் தைத்த உருப்படியின் கணக்குப்படிதான். வேலை இருந்தால் காசு, இல்லையேல் இல்லை.

நிலையானதை விட்டு நிலையற்றதை ஒருவர் ஏன் தேடிச் செல்கிறார்? நிறுவனங்களில் மனிதன் ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறான் என்று அறிஞர்கள் நூறாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகின்றனர். அவர்களுள் முதலில் நினைக்கத் தக்கவர் பெயரும் டெய்லர் என்பதே! ஆனால் அவர் ஊசியும் நூலும் எடுத்தவர் அல்லர்; அமெரிக்க எஃகு ஆலைகளில் பணியாற்றிய பொறியாளர். 1911-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் ஒரு கதை வருகிறது. இரும்புப் பாளங்களை நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் சுமந்துவந்த கூலியாள், அசைவுக்கு அசைவு கட்டளையிடப்பட்டு, நாற்பத்தேழரை டன் சுமந்தானாம். அவன் கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராயிற்றாம். சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு, கூலியோ இரண்டு மடங்குகூட இல்லை என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்தக் கதையின் நம்பகத்தன்மையைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஐயுற்றதும் உண்டு. எனினும், கூலியைக் கூட்டினால் உழைப்புக் கூடும் என்ற டெய்லரின் கொள்கை உலகெங்கும் பரவியது.

அது முழு உண்மையாயின் பின்வருவது நடந்திருக்கலாகாது. சிகாகோவை அடுத்த ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை தொடர்ச்சியாக ஆய்வுகள் நடைபெற்றன. இறுதி ஆய்வில், தொலைபேசிக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் பதினான்கு பேரைத் தனி அறையில் அமர்த்திக் கவனித்தார்கள். மிகுதியாகச் செய்தால் மிகுதியாகக் கூலி உண்டு. ஆயினும் அவர்கள் 'ஒருநாள் வேலை இவ்வளவே' என்று தமக்குள் ஓர் அளவு வகுத்துக்கொண்டார்கள். அதை மீறி விரைந்தவனை ஏளனம் செய்தார்கள்; மேற்கையில் ஒரு குத்தும் விட்டார்கள். ஏன்? எல்லோரும் விரைந்தால் நிர்வாகம் கூலி விகிதத்தைக் குறைத்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்குள் இருந்தது. வெளியிலிருந்து நோக்குவார்க்குச் சோம்பலாகத் தோன்றியது, உள்ளிருந்து நோக்குங்கால் கணக்காகத் தோன்றுகிறது. உருப்படிக் கூலியில் வாழும் எந்தத் தையற்கூடத்திலும் இந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் ஒரு சோதனை நடந்தது. 1953-இல் அகமதாபாத்தின் காலிகோ ஆலைக்கு ஏ. கே. ரைஸ் என்ற ஆங்கில அறிஞர் வந்தார். அங்கே புதிய தானியங்கித் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் எதிர்பார்த்த பயன் இல்லை. 224 தறிகள் கொண்ட கொட்டகையில் வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, யார் யாரோடு சேர்ந்து உழைக்கிறார் என்பதே விளங்காத நிலை. சிறு குழுக்களாகச் சேர்ந்து, குறிப்பிட்ட தறிகளை ஒரு குழுவே முழுமையாக ஏற்று நடத்தலாம் என்று ரைஸ் கருத்துரைத்தார். தொழிலாளர்கள் தாமே குழு பிரித்துக்கொண்டார்கள். சில மாதங்களில் உற்பத்தி உயர்ந்தது. பழுதான துணி குறைந்தது. ஆள் அவரே, தறி அதுவே. மாறியது அமைப்பு ஒன்றுதான்.

இனி நம் டெய்லரிடம் வருவோம். மேலாளர் குறைகூறிய அதே கம்பெனியை விட்டு விலகிய ஒருவரை நான் தேடிச் சென்று கேட்டேன். ஓவர்லாக் இயந்திரத்தை நிறுத்தாமலே விடை சொன்னார்: "சம்பளம் ஒண்ணும் குறைவில்லீங்க. ஆனா மணிக்கு இத்தனை பீஸுன்னு பலகையில எழுதி வெச்சுப்போட்டு, தலைக்கு மேல நின்னு சத்தம் போடறாங்க. தண்ணி குடிக்கப் போறதுக்கும் கேட்டுட்டுத்தான் போவோணுங்க. இங்கே பொண்ணுக்குக் காய்ச்சல்னா வீட்டுக்குப் போயிட்டு வந்து ராத்திரி உக்காந்து முடிச்சுத் தாரனுங்க."

இவர் ஒருவர் மட்டும் அல்லர். திருப்பூர் வட்டாரத்தில் நெடுநாள் ஆய்வு செய்த கீர்ட் டி நேவ், கிரேஸ் கார்ஸ்வெல் என்னும் அறிஞர்கள், தொழிலாளர் பலர் பெரிய ஏற்றுமதி ஆலைகளின் கெடுபிடியைத் தவிர்த்து, நேரத்தைத் தம் கையில் வைத்துக்கொள்ளத் தக்க சிறு கூடங்களை விரும்பித் தேர்வதை எடுத்துக்காட்டியுள்ளனர். குழந்தையும் வீடும் கவனிக்க வேண்டிய பெண்களுக்கு இந்தத் தேர்வு இன்னும் கூர்மையானது.

கர்ட் லெவின் என்ற உளவியலார் 1936-இல் ஒரு சிறு சூத்திரம் வகுத்தார். நடத்தை என்பது மனிதனும் அவன் சூழலும் சேர்ந்து விளைவிப்பது என்பதே அது. மேலாளர் அந்தச் சூத்திரத்தில் பாதியை மட்டும் படித்தார். 'பொறுப்பில்லை' என்று மனிதனைப் பார்த்தார். பலகையையும் சத்தத்தையும் பார்க்கவில்லை. ஆனால் டெய்லர் பெற்ற உரிமையைப் போற்றிப் பாடவும் என் மனம் ஒப்பவில்லை. ஐம்பது வயதில் கண் மங்கும்போது அந்தச் சந்துக் கூடம் அவருக்கு வைப்புநிதி தரப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும். "தெரியுமுங்க" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் மேலாளரைக் கண்டு, கம்பெனியின் விடுமுறைப் பட்டியலில் குண்டம் நாள் உண்டா என்று கேட்டேன். சுவரில் தொங்கிய தாளை எழுந்து போய்ப் பார்த்தார். இல்லை. நெடுநேரம் அதன் முன்னேயே நின்றார், பிறகு, "போட்டால் வருவார்களா?" என்று கேட்டார். "அந்தப் பலகையை என்ன செய்வீர்கள்?" என்று நானும் கேட்டேன்.