நாற்பதாம் அறை

கடற்போர் என்றவுடன் பீரங்கி முழக்கமும் புகைமண்டலமும் மனக்கண்முன் தோன்றும். நான் சொல்லப் புகுவதோ, லண்டனில் கடற்படைத் தலைமை நிலையத்திலிருந்த ஓர் அறையைப் பற்றி. 40 என்பது அதன் இலக்கம், அதுவே பெயருமாயிற்று.

1914 ஆகஸ்டில் ‘மாக்டபர்க்’ என்னும் ஜெர்மன் போர்க்கப்பல் பின்லாந்து வளைகுடாவில் தரை தட்டியது. அதிலிருந்த சங்கேதப் புத்தகங்கள் ருஷ்யர் கையில் சிக்கின. அவற்றுள் ஒன்றை அவர்கள் பிரிட்டனுக்கு அனுப்பினர். பகைவரின் கம்பியில்லாத் தந்திச் செய்திகளை 40-ஆம் அறையினர் படிக்கலாயினர். அவர்களுட் பலர் மொழிப் புலவர்கள், ஆசிரியர்கள். அதனால்தானோ என்னவோ, கடற்படை அதிகாரிகள் சிலர் அவர்களை இளப்பமாகவே எண்ணினர்.

1916 மே மாத இறுதியில், ஜெர்மன் கப்பற்படை புறப்படவிருப்பதை அவ்வறையினர் முன்கூட்டியே உணர்த்தினர். ஆகவே பகைவர் நங்கூரம் எடுக்குமுன்பே, மே 30 இரவில், தளபதி ஜெல்லிக்கோவின் கப்பல்கள் கடலில் இருந்தன. எத்தகைய வாய்ப்பு!

மறுநாள் ஓர் அதிகாரி அவ்வறைக்கு வந்தார். ‘டி.கே.’ என்ற அழைப்புக் குறி எங்கிருக்கிறதென வினவினார். அது ஜெர்மன் தளபதி ஷேரின் குறி. வில்ஹெல்ம்ஸ்ஹாவன் துறைமுகத்தில் என்று விடை வந்தது. அவர் திரும்பிவிட்டார். ஷேர் கடலேகும்போது அக்குறியைக் கரையில் விட்டுவிட்டு வேறு குறி பூணுவார் என்பதை அறையினர் அறிவர். ஆனால், எதற்காகக் கேட்கிறார் என்பதை வந்தவர் சொல்லவில்லை. கேளாததை இவர்களும் சொல்லவில்லை.

ஷேர் துறைமுகத்திலேயே இருப்பதாக ஜெல்லிக்கோவுக்குச் செய்தி சென்றது. அவர் விரையவில்லை. அன்று பிற்பகலிலேயே ஜட்லாந்துக் கடலில் ஷேரின் முழுப் படையும் எதிர்ப்பட்டது! தலைமை நிலையத்தின் சொல்லில் அவர் எப்படி நம்பிக்கை வைப்பார்?

இருள் சூழ்ந்ததும் போர் தளர்ந்தது. ஷேர் எவ்வழியாகத் தப்புவார் என்பதே கேள்வி. அவருடைய கப்பல்களின் திசையை இரவு தலைமை நிலையம் சரியாகவே தெரிவித்தது. எனினும் அதற்குச் சற்று முன் வந்த மற்றொரு செய்தி பிழையானது. ஒரு ஜெர்மன் கப்பல் தன் இருப்பிடத்தைத் தானே தவறாகக் கணித்ததன் விளைவு அது. ஜெல்லிக்கோ இரண்டையுமே நம்பவில்லை. அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

பிரிட்டன் 14 கப்பல்களை இழந்தது. மாண்டவர் 6,000-க்கும் மேல். ஜெர்மனி இழந்தவை 11. விடிந்தபோது ஜெல்லிக்கோ கண்டது வெறுங்கடல். டென்மார்க் கரையருகே ஹார்ன்ஸ் ரீப் என்னும் மணல்திட்டுப் பக்கமாக ஷேர் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் அவ்விடத்தை வானிலிருந்து வேவு பார்க்க ஆகாயக் கப்பல்கள் வேண்டுமென அவர் இரவிலேயே கேட்டிருந்தார். 40-ஆம் அறையினர் அதைப் படித்து மேலே அனுப்பியிருந்தனர். அந்தத் தாள் மட்டும் ஜெல்லிக்கோவைச் சென்றடையவில்லை.