பொதுக் கணினியும் தனிக் கோப்புறையும்

கற்பிட்டிக் கரையோரத்து அரசாங்கப் பாடசாலையொன்றின் காரியாலயத்திலே நிகழ்ந்த ஒரு சிறு தவறினை இன்று கூற விழைகின்றேன். அத்தவறுக்குப் பொறுப்பாளி, அதிபராகிய யானே.

மாணவன் ஒருவனின் பிறப்புச் சான்றிதழில் 'முகம்மது' என்றிருந்தது. யாம் வழங்கிய விடுகைப் பத்திரத்திலோ 'முஹம்மது' என்று அச்சாகியிருந்தது. இரண்டும் ஒரே பெயர்தாமே என்று நாம் எண்ணலாம். ஆயின், அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்குமிடத்து ஓரெழுத்து வேறுபாடும் கேள்விக்கு இடமாகும். கடற்றொழிலாளியான அவன் தந்தை, இரண்டு நாட் தொழிலை விட்டு வந்து நின்றார்.

"நான் சரியாகத்தான் தட்டினேன், ஐயா" என்றார் இலிகிதர். அவர் சொன்னது மெய்யே. ஆசிரியர் ஒருவர் தமது வினாத்தாள்களுக்காக, முன்னைய வடிவம் பின்னையதாகத் தானே மாறும்படி 'தன்திருத்தப்' பட்டியலில் எழுதி வைத்திருந்தார். இலகுவாயிருக்குமென்று, அனைவரும் ஒரே கணக்கில் கணினியுள் நுழையுமாறு பணித்தவன் யான். ஆகவே ஒருவரின் விருப்பம் எல்லோருக்கும் விதியாயிற்று.

யாம் பயன்படுத்துவது, 2010ஆம் ஆண்டு ஓப்பன் ஆபிஸிலிருந்து கிளைத்த லிப்ரே ஆபிஸ் என்னும் கட்டணமற்ற மென்பொருள். அதனை ஒரு கணினியில் ஒருமுறை நிறுவினாற் போதும், அது பொது. தன்திருத்தப் பட்டியல், சொந்த அகராதி, மாதிரிப் படிவங்கள், அமைப்புகள் ஆகியன 'பயனர் விவரக் கோப்புறை'யில் தங்கும்; அது தனி. ஊர்க் கிணறு ஒன்றேயாயினும், குடம் அவரவருடையதன்றோ?

செய்யவேண்டியது எளிது. ஒவ்வொருவருக்கும் வேறுவேறு கணக்கும் கடவுச்சொல்லும் அமைத்திடுக. அவரவர் கணக்கில் மென்பொருளை முதன்முறை திறந்தவுடன், அவருக்குரிய கோப்புறை தானாகவே உருவாகும். அலுவலகக் கடிதங்களை மட்டும் பொதுவானதோர் இடத்திற் சேமித்திடுக. விவரக் கோப்புறைக்கும் இடையிடையே பிரதி எடுத்து வைத்தல் நன்று. ஒருவரின் கோப்புறை பழுதுற்றால், மென்பொருளை மூடி, அக்கோப்புறையின் பெயரை மாற்றி, மீண்டும் திறந்திடுக, புதியதொன்று தோன்றும். மற்றையோர் வேலைக்கு இடையூறில்லை.

புதிய பத்திரத்தில் யான் ஒப்பமிட்டுக் கொடுத்தபோது, அத்தந்தை மகனின் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்துப் பார்த்த பின்னரே மடித்துப் பையில் வைத்தார். அச்சிடுமுன் அவ்வாறு வாசித்திருக்க வேண்டியவர் யாமே.