குதிரைக்கு ஒரு குஜராத்து உறவுக்காரர்



நெய்வேலி சுரங்கத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதே போன்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் குஜராத்தில், சூரத் மாவட்டத்து வஸ்தானிலும் உண்டு. அங்கே ஒரு விலங்கின் பற்களும் எலும்புகளும் கிடைத்தன. 2005இல் சுனில் பாஜ்பாய் குழுவினர் அதற்குக் 'கேம்பேதீரியம்' என்று பெயர் வைத்தார்கள். 'கேம்பே' என்பது அருகிலுள்ள கம்பாத் வளைகுடாவின் பழைய பெயர். 'தீரியம்' என்றால் கிரேக்கத்தில் விலங்கு. வயது ஏறத்தாழ 5.45 கோடி ஆண்டு. உடம்பு ஓர் ஆட்டின் அளவுதான்.

இதில் என்ன விசேஷம்? மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கும். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. குதிரை, காண்டாமிருகம், மலேசியக் காட்டில் வாழும் தாப்பிர் மூன்றும் உடல் எடையை நடுவிரலில் தாங்கும் ஒரே கூட்டம். ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா மூன்றிலும் இந்தக் கூட்டம் சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் திடீரென்று தென்படுகிறது. அதற்கு முன் எங்கே இருந்தது?

அப்போது இந்தியா ஆசியாவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த ஒரு பெருந்தீவு. இந்தக் கூட்டம் இங்கே தோன்றிப் பிறகு வெளியே பரவியிருக்கலாம் என்று 1990இல் கிராஸ், மாஸ் என்ற இருவர் சொன்னார்கள். கென் ரோஸ், அசோக் சாஹ்னி, ராஜேந்திர ரானா, கிஷோர் குமார் முதலானோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வலு சேர்த்தது. கேம்பேதீரியம் குதிரையின் பாட்டன் அல்ல. பாட்டனுடைய பங்காளி வீட்டுக்காரர். வம்சம் அற்றுப்போனாலும், பாட்டனின் பழைய சாயல் அவரிடம் தங்கியிருந்தது.

சுரங்கம் வெட்டியதால்தான் அந்த எலும்புகள் வெளியே வந்தன. யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் அதே இயந்திரம் அவற்றை நொறுக்கியும் இருக்கும். ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய், 200க்கும் மேற்பட்ட பற்களையும் எலும்புகளையும் சேர்த்தார்கள்.

நெய்வேலி நிலக்கரியும் அப்படித்தான் தெரியவந்தது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரோடு வந்த கறுப்புப் பொருளை அலட்சியம் செய்யாமல் அதிகாரிகளுக்குச் சொன்னார்.

நம் பக்கமும் பழைய பூமிதான். சாத்தனூர் கல்மரம் அதற்குச் சாட்சி. ஆகவே ஒரு வேண்டுகோள். கிணறு, அஸ்திவாரம் தோண்டும்போது கல்லில் எலும்பு, பல், சிப்பி போல ஏதாவது தெரிந்தால் உடைக்காதீர்கள். பெயர்த்தெடுத்து ஷோகேஸிலும் வைக்காதீர்கள். எந்த அடுக்கில் இருந்தது என்று தெரிந்தால்தான் வயது சொல்ல முடியும். இருந்த இடத்திலேயே படமெடுத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ பக்கத்துக் கல்லூரிப் புவியியல் ஆசிரியருக்கோ தெரிவியுங்கள்.