அமெரிக்கப் பல்கலைக் கழகங்களும் நம் பிள்ளைகளின் விண்ணப்பங்களும்



அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக் கழகம் சென்றதை இம்மன்றத்தில் அறியாதார் இலர். பரோடா மன்னர் மாதம் 11.50 பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவித்தொகையே அவரை அங்கு அனுப்பியது. அறிவு அவருடையது, பணம் பிறிதோரிடத்திலிருந்து வரவேண்டியிருந்தது. இன்றும் நம் வீட்டுப் பிள்ளைக்கு நிலைமை அதுவே. ஆகவே பணத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவேன்.

அங்குள்ள புகழ்பெற்ற பல்கலைக் கழகங்களில் ஓராண்டுச் செலவு 80,000 டாலருக்கும் மேல். நம் மைய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையோ முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் உரியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இளங்கலைக்குச் செல்வோருக்கு உதவாது. எனவே பல்கலைக் கழகமே கொடுத்தாக வேண்டும். கொடுக்கின்றனவா? சில கொடுக்கின்றன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை அயல்நாட்டு மாணவன் உதவி கேட்டானா என்பதைப் பாராமலே தேர்ந்தெடுத்து, பின்னர் குடும்ப வருமானத்திற்கேற்ப முழுத் தேவையையும் ஈடு செய்கின்றன. டார்ட்மத்தும் பௌடனும் 2022இல் இவ்வரிசையில் சேர்ந்தன. வேறு பல, உதவி கேட்பதையும் எடைபோட்டே இடம் தருகின்றன. அண்ணல் பயின்ற கொலம்பியாவும் அயல்நாட்டு இளங்கலை மாணவர் வகையில் இவ்வாறே என்பது சற்று வருத்தம் தருகிறது.

"அப்படியானால் உதவி வேண்டாமென்று எழுதிச் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்கலாமே" என்று ஓர் இளைஞர் என்னைக் கேட்டார். கூடவே கூடாது. முதலில் கேளாத அயல்நாட்டவருக்குப் பின்னர் கொடுப்பதில்லை என்பது பல இடங்களில் விதி. முதலாண்டுச் செலவுக்கு வழியுண்டு என்று காட்டாமல் விசாவுக்குரிய ஐ-20 படிவமும் கிடைக்காது. வறுமையை மறைக்காதீர்கள், விண்ணப்பத்துடனேயே பணப் படிவத்தையும் நிரப்புங்கள். விண்ணப்பக் கட்டணத்திற்கும் விலக்குக் கேட்கலாம்.

காலக்கெடு நம்மவரை ஏமாற்றும். பொதுவாக முந்தைய சுற்று நவம்பர் தொடக்கத்திலும் அடுத்தது ஜனவரி தொடக்கத்திலும் முடிகின்றன. நம் பொதுத்தேர்வோ மார்ச் மாதத்தில். மதிப்பெண் வரட்டும் என்றிருந்தால் கதவு மூடியிருக்கும். அவர்கள் ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண்களைப் பார்ப்பார்கள். எஸ்.ஏ.டி. போன்ற தேர்வை மாசாசூசெட்ஸ் கழகம் 2022லும், ஹார்வர்டு 2024லும் மீண்டும் கட்டாயமாக்கின.

650 சொற்களுக்குள் ஒரு கட்டுரை உண்டு. சாதியைப் பற்றி எழுதலாமா என்பீர்கள். எழுதலாம். பிரவுன் பல்கலைக் கழகம் 2022இல் தன் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியைச் சேர்த்தது. ஆயினும் படிப்போர் பலருக்கு அச்சொல்லே புதிது, ஒதுக்கீடும் அங்கில்லை. இரக்கம் வேண்டி எழுதாமல், நீங்கள் கண்டதையும் செய்ததையும் எழுதுங்கள்.

இனி என் குற்றம் ஒன்று. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது ஒரு மாணவி பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தாள். "ஒழுக்கமானவள், கீழ்ப்படிபவள், கணக்கில் முதல் மதிப்பெண்" என்று நன்னடத்தைச் சான்றிதழ்போல மூன்று வரி எழுதி முத்திரையிட்டேன். மாலைதோறும் தெருவிளக்கின் கீழ் அவள் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததும், எந்தப் பிள்ளை கழித்தலில் எவ்விடத்தில் தடுமாறுகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்ததும் எனக்குத் தெரியும். அதை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. நூறு பேரில் ஐவருக்குக்கூட இடம் தராத கல்லூரி அது. என் கடிதத்தால்தான் என்று சொல்ல இயலாது. இல்லை என்றும் என்னால் சொல்ல இயலவில்லை. இங்கேயே பட்டம் பெற்று, இப்போது ஆசிரியையாக இருக்கிறாள்.

அவள் பின்னாளில் தந்த அந்தக் குறிப்பேடு என்னிடம் உள்ளது. கடிதம் எழுதவேண்டிய ஆசிரியர்கள் இம்மன்றத்தில் இருப்பின், கூட்டம் முடிந்தபின் வாருங்கள், காட்டுகிறேன்.